கம்பெனி காரை ஓட்டும் ஊழியருக்குக் காப்பு எங்கே?

1960 டிசம்பரில் நாக்பூரிலிருந்து பாண்டுர்ணா நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஒரு கார், பாதையை விட்டு விலகி மரத்தில் மோதியது. கார் ஒரு பருத்தி ஜின்னிங் கம்பெனிக்குச் சொந்தமானது. ஓட்டியவர் சம்பளத்துக்கு அமர்த்திய டிரைவர் அல்ல, அந்தக் கம்பெனியின் மேலாளர். உடன் பயணம் செய்த ஒருவர் இறந்துபோனார். அவருடைய குடும்பத்துக்குச் சுமார் 31 ஆயிரம் ரூபாய் தரவேண்டும் என்றது விபத்துத் தீர்ப்பாயம். உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிய 1977 ஆகிவிட்டது. ஓடுகிற கார் காரணமில்லாமல் மரத்தில் மோதாது, மோதியதே கவனக்குறைவுக்குச் சான்று என்று கொண்ட உச்ச நீதிமன்றம், மேலாளர் பணியின் நிமித்தம் ஓட்டியதால் அவர் தவறுக்குக் கம்பெனியே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் பங்கு 15 ஆயிரத்தோடு நின்றது, மீதி கம்பெனியின் தலையில் விழுந்தது.

ஊழியர் ஓட்டும் கம்பெனி வாகனம் பற்றிய சட்ட வாதங்களில் இந்தத் தீர்ப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் அது பதில் சொன்ன கேள்வி, காரில் உடன் வந்தவருக்கு யார் பணம் தருவது என்பது மட்டும்தான். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவருக்கு ஏதாவது நேர்ந்தால் அவர் குடும்பத்துக்கு யார் தருவது என்ற கேள்வி அங்கே எழவில்லை. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கேள்விக்கு நம் காப்பீட்டு முறையில் நேரான பதில் இல்லை. விற்பனைப் பிரதிநிதி, சர்வீஸ் இன்ஜினீயர், கிளை மேலாளர், சைட் சூப்பர்வைசர் எனக் கம்பெனி வண்டியைத் தாங்களே ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள் பெருகிவிட்ட காலத்தில், இதைச் சின்ன ஓட்டை என்று விட்டுவிட முடியாது.

‘கம்பெனி வண்டிதானே, ஃபுல் கவர் போட்டிருப்பார்கள்’ என்பதுதான் பொதுவான நம்பிக்கை. அந்த ஃபுல் கவருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க, பாலிசியில் பிரீமியத்தைப் பிரித்துக் காட்டும் கட்டத்தைத் திறக்கவேண்டும். இடப்பக்கம் வண்டியின் சொந்தச் சேதத்துக்கான கணக்கு. வலப்பக்கம் பொறுப்புக் கணக்கு. அங்கே முதல் வரி, மூன்றாம் தரப்புக்கான அடிப்படை பிரீமியம். 1000 முதல் 1500 சி.சி. வரையுள்ள தனியார் காருக்கு 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த விகிதத்தில் இது ஆண்டுக்கு 3,416 ரூபாய். அடுத்த வரியில் ‘உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பு’ என்று இருக்கும். கம்பெனி காராக இருந்தால் அதற்கு நேரே பெரும்பாலும் பூஜ்யம்.

அந்தப் பூஜ்யத்துக்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. உரிமையாளரே வண்டி ஓட்டி விபத்தில் இறந்தால் அவர் குடும்பத்துக்கு ஒரு தொகை கிடைக்கும் என்பது கட்டாயக் காப்பு. கார்களுக்கு 2 லட்சம், இருசக்கர வாகனங்களுக்கு 1 லட்சம் என்று நெடுங்காலம் இருந்த இந்தத் தொகை இக்காலத்துக்குப் போதாது என்று 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதைத் தொடர்ந்து காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018 செப்டம்பரில் தொகையை 15 லட்சமாக உயர்த்தியது. நல்ல மாற்றம்தான். ஆனால் வண்டி ஒரு கம்பெனியின் பெயரிலோ கூட்டு நிறுவனத்தின் பெயரிலோ இருந்தால் இந்தக் காப்பைத் தரக்கூடாது என்று 2002இன் இந்திய மோட்டார் டாரிஃப் சொல்கிறது. கம்பெனி என்பது ஆள் அல்ல, அதற்கு லைசென்ஸ் இல்லை, அது சாலையில் சாகாது என்பது தர்க்கம். தர்க்கம் சரியானதே. ஆனால் அந்த வண்டியை ஓட்ட ஒரு மனிதர் இருக்கிறார் அல்லவா? சொந்த பைக்கில் கம்பெனி வேலைக்குப் போகிற விற்பனையாளருக்கு 15 லட்சம் காப்பு உண்டு. பதவி உயர்ந்து கம்பெனி காரில் போகத் தொடங்கிய அன்றே அந்தக் காரைப் பொறுத்தவரை அது இல்லாமல் போகிறது. லீஸ் திட்டத்தில் கார் எடுத்து, சம்பளத்திலிருந்து மாதாமாதம் கட்டிக்கொண்டு, தன் கார் என்றே நினைத்து ஓட்டுகிறவர்களும் ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

பாலிசியின் அடுத்த பக்கங்களில் இதைவிடத் தீவிரமான ஒரு வாசகம் இருக்கிறது. பேக்கேஜ் பாலிசி காருக்குள் இருப்பவர்களையும் காக்கும் என்று 2009 நவம்பரில் ஒழுங்குமுறை ஆணையமே சுற்றறிக்கை விட்டுத் தெளிவுபடுத்தியது. கம்பெனி காரில் பயணம் செய்து காயமடைந்த ஒரு நிர்வாக இயக்குநரின் வழக்கில், 2012 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அந்த நிலையை ஏற்று, பாலிசி எந்த வகை என்று பார்க்கும்படி தீர்ப்பாயத்துக்குத் திருப்பி அனுப்பியது. அதோடு பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் அதே பொறுப்புப் பிரிவில், சட்டம் கட்டாயப்படுத்தும் அளவைத் தாண்டி, பாலிசிதாரரிடம் வேலை செய்பவர் வேலையின் போதும் வேலையின் காரணமாகவும் இறந்தாலோ காயமடைந்தாலோ இன்ஷூரன்ஸ் நிறுவனம் பொறுப்பாகாது என்ற விலக்கு இருக்கிறது.

இதன் விளைவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். ஒரு கம்பெனி காரில் மூன்று பேர் போகிறார்கள். ஓட்டுகிறவர் சேல்ஸ் மேனேஜர். பக்கத்தில் அவருக்குக் கீழே வேலை செய்பவர். பின் இருக்கையில், வழியில் லிஃப்ட் கேட்டு ஏறிய மேனேஜரின் நண்பர். மேனேஜரின் கவனக்குறைவால் கார் லாரியின் பின்புறம் மோதுகிறது. நண்பர் காருக்குள் இருந்தவர் என்ற கணக்கில் பேக்கேஜ் பாலிசிக்குள் வருகிறார். பக்கத்தில் இருந்த ஊழியர், வேலைக்காக வந்தவர் என்ற காரணத்தாலேயே அந்த விலக்குக்குள் விழுகிறார். அவருக்கான பொறுப்பு 1977 தீர்ப்பின்படி கம்பெனியின் மீது நிற்கும், ஆனால் பணம் பாலிசியிலிருந்து வராது, கம்பெனியின் கையிருப்பிலிருந்து வரவேண்டும். பெரிய நிறுவனம் என்றால் தரும். ஐந்தாறு பேரை வைத்து நடத்தும் டிஸ்ட்ரிபியூட்டரிடம் தீர்ப்பு நகலை நீட்டினால் என்ன கிடைக்கும்? மேனேஜரின் நிலை இன்னும் கஷ்டமானது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த விலக்கை நீக்க வழி இல்லாமல் இல்லை. டாரிஃப் புத்தகத்தில் ஐ.எம்.டி. 28, ஐ.எம்.டி. 29 என்று இரண்டு சேர்க்கைகள் இருக்கின்றன. 28 என்பது சம்பள டிரைவர், கிளீனர், கண்டக்டர் ஆகியோருக்கான சட்டப் பொறுப்பு. 29 என்பது சம்பள டிரைவர் அல்லாத மற்ற ஊழியர்கள் முதலாளியின் காரில் பயணம் செய்யும்போதோ அதை ஓட்டும்போதோ ஏற்படும் சட்டப் பொறுப்பு. நம் மேனேஜரையும் அவர் சகாவையும் மனத்தில் வைத்தே எழுதியதுபோல் இருக்கும் அந்தத் தலைப்பு. இதற்கான கூடுதல் பிரீமியம் தலைக்கு 50 ரூபாய் என்ற அளவிலேயே இருந்துவந்திருக்கிறது. 2007க்குப் பிறகு சொந்தச் சேதப் பிரீமியம் சந்தைப் போட்டிக்கு விடப்பட்டாலும், பாலிசி வாசகங்களும் இந்தச் சேர்க்கைகளும் பெரும்பாலும் பழைய டாரிஃபின் வழியிலேயே வருகின்றன. 28ஐப் பல பாலிசிகளில் பார்க்கலாம், ஏஜென்ட்டுகள் வழக்கமாகவே சேர்த்துவிடுகிறார்கள். 29 கேட்டால்தான் வரும். கேட்க வேண்டியவர் கம்பெனியில் பாலிசியைப் புதுப்பிக்கும் அட்மின் பிரிவு ஊழியர். அவரிடம் சொல்லியிருப்பது பெரும்பாலும் ‘கொட்டேஷன் குறைவாக வருகிற இடத்தில் போடு’ என்பதே.

இந்த ஏற்பாடு ஏன் இப்படி அமைந்தது என்பதற்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது. 1939இன் மோட்டார் வாகனச் சட்டத்தின் காலத்தில் முதலாளி பின்னால் அமர்வார், டிரைவர் ஓட்டுவார். ஆகவே ஓட்டும் தொழிலாளிக்கு 1923இன் தொழிலாளர் (பின்னர் ‘பணியாளர்’) இழப்பீட்டுச் சட்டப்படி என்ன கிடைக்குமோ அந்த அளவுக்குக் கட்டாய இன்ஷூரன்ஸ் போதும் என்று வைத்தார்கள். 1988 சட்டத்தின் 147ஆம் பிரிவும் அதையே தொடர்ந்தது. வண்டியை ஓட்டுபவர், பொதுப் பயணிகள் வாகனத்தின் கண்டக்டர், டிக்கெட் பரிசோதகர், சரக்கு வாகனத்தில் ஏற்றிச் செல்லப்படும் ஊழியர் ஆகியோருக்கு அந்த இழப்பீட்டுச் சட்டத்தின் அளவு வரையில் மட்டும் கட்டாயக் காப்பு இருந்தது. பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு எதுவும் இருக்கவில்லை. கார் வகை வண்டியில் போன கிளீனர் இந்தப் பட்டியலில் வரமாட்டார், அவருக்காகத் தனிப் பிரீமியமும் கட்டவில்லை என்று சொல்லி 2003இல் உச்ச நீதிமன்றம் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தை விடுவித்தது. கூடுதல் பிரீமியம் கட்டாத பாலிசியில் இன்ஷூரன்ஸ் நிறுவனம் அந்த இழப்பீட்டுச் சட்டத் தொகையை மட்டும் தரும், அதற்கு மேலானதை முதலாளிதான் தரவேண்டும் என்று 2005இல் இன்னொரு வழக்கில் சொன்னது.

அந்த ‘அளவு’க்கும் விபத்துத் தீர்ப்பாயம் தரக்கூடிய தொகைக்கும் உள்ள தூரத்தைக் கணக்குப் போட்டால்தான் விளங்கும். வயது 35, மாதச் சம்பளம் 25,000, மனைவி, இரண்டு குழந்தைகள், தாய். இவர் விபத்தில் இறக்கிறார். பணியாளர் இழப்பீட்டுக் கணக்கில் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் 15,000 ரூபாய்க்கு மேல் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். 2020 ஜனவரியில் வந்த உச்சவரம்பு இது, அதற்கு முன் 8,000ஆக இருந்தது. அதில் பாதி 7,500. 35 வயதுக்கான காரணி 197.06. பெருக்கினால் 14,77,950 ரூபாய். இதே மரணம் வேறொரு வண்டியின் தவறால் நேர்ந்து, மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்கு எம்.சி.ஓ.பி. மனுவாகப் போனால், 2009இன் சர்லா வர்மா தீர்ப்பும் 2017இன் பிரணய் சேத்தி தீர்ப்பும் வகுத்த கணக்கு வரும். சம்பளத்தோடு எதிர்கால உயர்வுக்கு 40 விழுக்காடு சேர்த்தால் 35,000. சார்ந்திருப்போர் நான்கு பேர் என்பதால் நாலில் ஒரு பங்கு கழித்தால் 26,250. ஆண்டுக்கு 3,15,000. அதை 16ஆல் பெருக்க வேண்டும். 50,40,000 ரூபாய், அதற்கு மேல் ஈமச்சடங்கு முதலியவற்றுக்கான சிறு தொகைகள். ஒரே மனிதர், ஒரே குடும்பம், எந்தக் கதவைத் தட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்து 35 லட்சத்துக்கு மேல் வித்தியாசம்.

தீர்ப்பாயத்தில் அதிகம் கிடைக்கிறது என்றால் அங்கேயே போகலாமே என்று தோன்றும். இங்கேதான் பல குடும்பங்கள் கையில் உள்ளதையும் இழக்கின்றன. தீர்ப்பாயத்தில் 166ஆம் பிரிவின்கீழ் கேட்பவர், விபத்து இன்னொருவரின் கவனக்குறைவால் நடந்தது என்று காட்டியாகவேண்டும். வண்டி ஓட்டியவரே தவறு செய்து, மரத்திலோ நடுத்திட்டிலோ மோதியிருந்தால் அவர் தன் தவறுக்குத் தானே இழப்பீடு கேட்க முடியாது. அதிவேகமாக ஓட்டிக் காரைக் கவிழ்த்து இறந்த ஒருவரின் குடும்பம் 80 லட்சம் கேட்டுத் தொடர்ந்த கர்நாடக வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதே காரணத்தைச் சொல்லிக் கைவிரித்துவிட்டது. பணியாளர் இழப்பீட்டில் அந்தச் சிக்கல் இல்லை. வேலையின் போது நடந்த விபத்தா என்பதே அங்கே கேள்வி. ஊழியர் கவனக்குறைவாக இருந்தார் என்பது மரண வழக்கில் தடையாகாது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 167ஆம் பிரிவின்படி இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். ஆகவே எஃப்.ஐ.ஆர்.இல் யார் மீது தவறு என்று எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டே எந்த மன்றம் என்று முடிவு செய்யவேண்டும். எம்.சி.ஓ.பி.க்கு 2022 ஏப்ரல் முதல் ஆறு மாதக் கெடு உண்டு, பணியாளர் இழப்பீடு கேட்க இரண்டு ஆண்டு அவகாசம். துக்கத்தில் இருக்கிற வீட்டுக்கு இதையெல்லாம் யார் எடுத்துச் சொல்கிறார்கள்?

பிறகு சொல்கிறேன் என்று நான் விட்டுவைத்த மேனேஜரின் கதை இதுதான். லாரியின் பின்புறம் மோதியது அவர் தவறு, அதனால் தீர்ப்பாயம் இல்லை. கம்பெனி பெயரில் ஆர்.சி. இருப்பதால் 15 லட்சக் காப்பு இல்லை. ஐ.எம்.டி. 29 இருந்தாலும் அது முதலாளியின் சட்டப் பொறுப்பைத்தான் ஏற்கும், முதலாளிக்குப் பொறுப்பே எழாத இடத்தில் அதற்கு வேலை இல்லை. மிஞ்சுவது பணியாளர் இழப்பீடு. அதிலும், அவர் வேலை அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப் பட்டியலில் அடங்குமா, மேனேஜர் ‘ஓட்டும் பணியில் ஈடுபட்டவர்’ ஆவாரா என்று எதிர்த்தரப்பு வாதம் செய்யும். டிரைவராக நியமிக்கப்பட்டவருக்கு இந்த வாதமே வராது. ஊழியர் மாதம் 21,000 ரூபாய்க்குள் வாங்கி இ.எஸ்.ஐ.யில் இருப்பவர் என்றால் பாதை வேறு. குடும்பத்துக்கு மாதாந்திரச் சார்ந்தோர் உதவித் தொகை கிடைக்கும், ஆனால் முதலாளியிடம் தனியே இழப்பீடு கேட்கும் வழியை இ.எஸ்.ஐ. விதி அடைத்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை நிலைமை இன்னும் மோசம். ஓர் ஊழியர் அனுமதியோடு கம்பெனி காரில் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு திருச்செந்தூர் போகிறார். வழியில் எதிரே வந்தவர் மீது மோதினால் பாதிக்கப்பட்டவருக்குப் பாலிசி பணம் தரும். செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் அந்தக் காப்பு நிற்கும். ஓட்டியவர் இறந்தால்? அது வேலையின் போது நடந்த விபத்து அல்ல. இன்னொருவரின் வண்டியை வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், அவர் மூன்றாம் தரப்பு ஆகமாட்டார் என்று 2009இலும் 2020இலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2020 வழக்கில், அவ்வாறு ஓட்டியவருக்கு உரிமையாளர்-ஓட்டுநர் காப்பின் 1 லட்சமாவது கிடைத்தது. கம்பெனி காரில் அந்தக் காப்பே கிடையாது. அவர் குடும்பத்தின் கையில் பாலிசியிலிருந்து ஒரு ரூபாய்கூட வராது.

2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் இந்த விஷயத்தில் ஒரு நல்ல அடி எடுத்து வைத்தது. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 145ஆம் பிரிவு, மூன்றாம் தரப்பு என்ற சொல்லுக்குள் போக்குவரத்து வாகனத்தின் ஓட்டுநரையும் உடன் வேலை செய்பவரையும் சேர்த்தது. நெடுங்காலம் வாசலுக்கு வெளியே நின்ற லாரி டிரைவரும் கிளீனரும் உள்ளே வந்தார்கள். ஆனால் போக்குவரத்து வாகனம் என்பதற்குச் சட்டத்தில் வரையறை உண்டு. சரக்கு வாகனம், பொதுப் பயணிகள் வாகனம், கல்வி நிறுவனப் பேருந்து, ஆறு பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் கம்பெனியின் ஸ்டாஃப் பஸ் எல்லாம் அதில் வரும். கம்பெனி பெயரில் உள்ள வெள்ளை போர்டு கார் வராது. மஞ்சள் போர்டு வண்டி ஓட்டுபவருக்குக் கிடைத்த சொல், வெள்ளை போர்டு கம்பெனி காரை ஓட்டுபவருக்குக் கிடைக்கவில்லை. சட்டத்தைத் திருத்தியவர்கள் மனத்திலும் ஓட்டுகிற ஊழியர் என்றால் சம்பள டிரைவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நீதிமன்றங்கள் சில இடங்களில் சட்டத்தைவிட முன்னே போயிருக்கின்றன. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்தும், வேலையோடு அதற்குத் தொடர்பு இருந்தால், வேலையின் போது நடந்ததாகவே கொள்ளப்படும் என்று 2025இல் உச்ச நீதிமன்றம் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளியின் வழக்கில் தீர்ப்பளித்தது. 2025 நவம்பர் 21 முதல் 1923 சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அந்தக் கருத்தை எழுதியே வைத்திருக்கிறது. லைசென்ஸ் விஷயத்திலும் தெளிவு வந்தது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக வாகன லைசென்ஸோடு ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு சொன்னபின், லோடு வேன் ஓட்டிய ஊழியரின் லைசென்ஸைக் காட்டிப் பணம் மறுக்கும் வழக்கம் குறையவேண்டும். லைசென்ஸ் காலாவதியாகியிருந்தால் மட்டும் கதை வேறு: இன்ஷூரன்ஸ் நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கலாம். ஊழியர்களின் லைசென்ஸ் தேதியை ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்க்காத கம்பெனி தன் பணத்தைத் தானே பணயம் வைக்கிறது.

இன்றைய நிலையில் கம்பெனிகள் செய்யக்கூடியது அதிகச் செலவு பிடிப்பதல்ல. வண்டியை ஓட்டக்கூடிய, அதில் பயணிக்கக்கூடிய ஊழியர்களின் எண்ணிக்கைக்கு ஐ.எம்.டி. 29 எடுக்கவேண்டும். அதோடு, தவறு யாருடையது என்று பார்க்காமல் பணம் தரும் குழு விபத்துக் காப்பு ஒன்று கட்டாயம் வேண்டும், அதுவும் 24 மணி நேரத்துக்கும் பொருந்துவதாக, ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து. கார் பாலிசியிலேயே சேர்க்கும் தனிநபர் விபத்துக் காப்புக்கு டாரிஃபில் தலைக்கு 2 லட்சம் உச்சவரம்பு என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. ஊழியர் தரப்பில் கேட்கவேண்டியது ஒன்றுதான்: சாவியோடு பாலிசி நகலையும் கொடுங்கள் என்று. கேட்பது மரியாதைக் குறைவு அல்ல, அந்த நகல் எப்படியும் சாலையில் கேட்டால் காட்டவேண்டிய ஆவணம்.

ஆனால் 50 ரூபாய் காப்பை ஒவ்வோர் அட்மின் ஊழியரின் நினைவாற்றலுக்கு விட்டுவைப்பது நியாயமான ஏற்பாடு என்று நான் நினைக்கவில்லை. உரிமையாளர்-ஓட்டுநருக்கு 15 லட்சத்தைக் கட்டாயமாக்கிய அதே ஒழுங்குமுறை ஆணையம், கம்பெனி வாகனத்தை அனுமதியோடு ஓட்டும் ஊழியருக்கும் அதே தொகையைப் பெயர் குறிப்பிடாத காப்பாக விரிக்கமுடியும். விண்ணப்பத்தில் உரிமையாளர் ‘கம்பெனி’ என்று குறித்தவுடன் 15 லட்சக் காப்பு பாலிசியிலிருந்து விடுபட்டுவிடுகிறது. அந்த இடத்திலேயே ஐ.எம்.டி. 29உம் ஊழியருக்கான விபத்துக் காப்பும் தானாகச் சேரும்படி விதி செய்யலாம், வேண்டாம் என்கிற கம்பெனி அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும்.